வீட்டிலிருந்து ஆரி ஒர்க் செய்பவர்கள் அறிமுகக் கமிஷனை நிர்ணயிப்பது எப்படி?

வீட்டு முன்னறையில் ஓர் ஆரி ஸ்டாண்டை (துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் எம்பிராய்டரி போடும் சட்டம்) போட்டுத் தொழிலைத் தொடங்குபவர்களுக்கு முதல் சில மாதங்களில் வரும் ஆர்டர் எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும்தான். அதற்குமேல் தொழில் நகர வேண்டுமானால் தையல் கடைக்காரர், பார்லர் நடத்துபவர், மணப்பெண்ணுக்கு மெஹந்தி போடுபவர் என்று யாராவது நமக்கு ஆள் அனுப்ப வேண்டும். அனுப்புபவர் முதல் நாளே, “எனக்கு எவ்வளவு தருவீங்க?” என்று கேட்பார். அந்த நேரத்தில் வாய்க்கு வந்த ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டால், பிறகு முகதாட்சண்யத்துக்காக அதையே ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டியதுதான். பட்டுத் தேறித்தான் இந்த முறைக்கு வந்தேன் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கீழே வரும் விலைகள் ஒரு நடுத்தர ஊரில் கேட்கக்கூடிய அளவில் நான் வைத்துக்கொண்ட மாதிரி எண்கள். உங்கள் ஊர்க் கூலியும் மெட்டீரியல் விலையும் வேறாக இருக்கும். எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறையை மாற்றாதீர்கள்.

1. முதலில் ஒரு பில்லைப் பிரித்துப் பாருங்கள்

கடைசியாகச் செய்து கொடுத்த ஆர்டர்களில் நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேக் நெக், இரண்டு ஸ்லீவ், நடுவில் கொஞ்சம் புட்டா என்று ஜர்தோசியும் (சுருள் உலோக நூல்) கட் பீட்ஸும் (சிறு மணிகள்) சேர்ந்த ஒரு கல்யாண பிளவுஸுக்கு 6,000 ரூபாய் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைனிங்குடன் தைத்துக் கொடுத்ததற்காகத் தையல்காரருக்குப் போனது 900. அது உங்கள் கையில் நிற்காத பணம், ஆகவே உங்கள் ஒர்க் கூலி 5,100 மட்டுமே. இதில் மெட்டீரியல் 1,000, ஸ்டாண்டில் உட்கார்ந்து போட்ட உதவியாளரின் கூலி 1,800, டிரேசிங் தாள், ஊசி, பசை, மின்சாரம், உடைந்த ஸ்டோனை மாற்றுவது போன்ற சில்லறைச் செலவுகள் 200 என்று கழித்தால் 2,100 மிஞ்சும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு 2,100 ரூபாயை லாபம் என்று எழுதிக்கொள்கிறார்கள். டிசைன் வரைந்தது யார், மார்க்கிங் சரிபார்த்தது யார், கழுத்து வேலையை நேர்த்தி செய்தது யார்? உங்கள் இரண்டு நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 700 என்று போட்டாலும் 1,400 போய்விடும். உண்மையில் மீதி என்பது 700 ரூபாய்தான். கமிஷன் வர வேண்டியது இந்த 700 ரூபாயிலிருந்து. 6,000 ரூபாயிலிருந்து அல்ல.

“பில்லில் பத்து பர்சென்ட்” என்று கேட்பவருக்குத் தலையாட்டினால் 600 ரூபாய் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது 100. பதினைந்து என்று ஒப்புக்கொண்டால் 900 ரூபாய், அதாவது உங்கள் சொந்தக் கூலியிலிருந்து 200 ரூபாயை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பத்து சதவீதம் என்று காதில் விழும்போது சிறிய எண்ணாகத் தெரிவதுதான் இதிலுள்ள பெரிய பொறி.

இதே கணக்கை எளிமையான லைன் ஒர்க் பிளவுஸ் ஒன்றுக்கும், பத்தாயிரத்துக்கு மேல் போகும் கனமான மணப்பெண் பிளவுஸ் ஒன்றுக்கும் போட்டுப் பாருங்கள். கனமான வேலையில் உதவியாளர் கூலிதான் பெரும்பகுதியைத் தின்னும். பில் இரட்டிப்பானால் மீதியும் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்க முடியாது. மெட்டீரியல் விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சென்னை சௌகார்பேட்டையிலோ உங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோரிலோ வாங்கும் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வரிக் கணக்குக்கும் அவை வேண்டும்.

2. உங்கள் உச்சவரம்பைக் குறித்து வையுங்கள்

நான் சொல்லும் விதி இது: அறிமுகத்துக்குக் கொடுப்பது மீதியில் பாதியைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன பிளவுஸில் மீதி 700 என்றால் உச்சவரம்பு 350. ஒர்க் கூலியில் இது ஏறக்குறைய 7 சதவீதம். உங்கள் மீதி குறைவாக இருந்தால் இதுவும் குறையும். மீதியே இல்லை என்று கணக்கு காட்டினால் கமிஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் ரேட்டைத் திருத்துங்கள்.

ரேட்டைத் திருத்துவதிலும் ஒரு தவறான வழி இருக்கிறது. பார்லர் வழியாக வருபவருக்கு மட்டும் கமிஷன் தொகையை விலையில் ஏற்றிச் சொல்வது. கல்யாண வீட்டில் பிளவுஸை உடுத்தியிருக்கும் பெண்கள் முதலில் கேட்பதே “எவ்வளவு ஆச்சு?” என்பதுதான். அக்காவுக்கு 5,500, தங்கைக்கு அதே டிசைன் 6,000 என்று ஒரே பந்தலில் தெரியவந்தால் இரண்டு வாடிக்கையாளர்களும் போவார்கள், பார்லர்காரரின் பேரும் கெடும். எல்லாருக்கும் ஒரே விலை என்பதில் கறாராக இருங்கள்.

அப்படியானால் கமிஷன் பணம் எங்கிருந்து வரும்? மொத்த ஆர்டர்களில் பரவலாக ஏற்ற வேண்டும். பத்து ஆர்டர்களில் நான்கு அறிமுகம் வழியாக வருகின்றன, சராசரிக் கமிஷன் 300 ரூபாய் என்றால் மொத்தம் 1,200. பத்து ஆர்டர்களுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 120 ரூபாய். ரேட் கார்டை அடுத்த முறை மாற்றும்போது இந்த 120 ரூபாயைச் சேர்த்துவிட்டால் எந்த ஒரு ஆர்டரும் கையைக் கடிக்காது.

3. யார் அனுப்புகிறார் என்பதைப் பொறுத்து முறையை மாற்றுங்கள்

பார்லர் நடத்துபவர், மெஹந்தி போடுபவர், கல்யாண மேக்கப் செய்பவர் ஆகியோருக்கு இது தொழில். பணமாகத்தான் எதிர்பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. மணப்பெண்ணிடம் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு நம்முடைய நூறு இன்ஸ்டாகிராம் படங்களைவிட மதிப்பு அதிகம்.

தையல்காரர் கதை வேறு. அவர் ஆள் அனுப்பினால், ஒர்க் முடிந்த துணி மறுபடி அவரிடமே தைக்கப் போகும். உங்களிடம் நேராக வருபவர்களின் தையலையும் நீங்கள் அவருக்கே கொடுக்கிறீர்கள் என்றால் பணம் கைமாறவே தேவையில்லை. வேலைக்கு வேலை என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் எத்தனை ஆர்டர் போனது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனத்துக்கொண்டே போனால் மனத்தாங்கல் வருவதற்குள் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிடுவது நல்லது.

பழைய வாடிக்கையாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தோழியை அழைத்து வந்த பெண்ணின் கையில் 200 ரூபாயைத் திணித்தால், பாதிப்பேர் சங்கடப்படுவார்கள். மீதிப்பேர் தோழியிடம் சொல்லாமல் மறைப்பார்கள், அது வெளியே வந்தால் நமக்குத்தான் கெட்ட பெயர். அதற்குப் பதிலாக அவருடைய அடுத்த பட்டுச் சேலைக்கு இலவசமாகக் குச்சு கட்டிக் கொடுங்கள். முந்தானை நூலைப் பிரித்து, அதே நிறத்துப் பட்டு நூலில் சின்னக் குச்சாகக் கட்டுவதற்கு உங்களுக்கு நூல் செலவும் ஒரு மதியப் பொழுதும்தான். வெளியில் சில நூறு ரூபாய் கொடுத்துக் கட்டிக்கொள்ளும் அவருக்கு அதன் மதிப்பு அதைவிடப் பெரிது. பக்கத்து வீட்டில் காட்டவும் செய்வார்.

ஜவுளிக் கடை விற்பனையாளர்கள் ஆள் அனுப்புவதாகச் சொன்னால் சற்று நிதானியுங்கள். கடை முதலாளிக்குத் தெரியாமல் அவருடைய ஊழியருக்கு நாம் பணம் கொடுத்தால், அது தெரியவரும் நாளில் அந்தப் பையன் வேலையை இழப்பான், அந்தக் கடை வாசலை நாம் மிதிக்க முடியாது. முதலில் முதலாளியிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால் தொகையைக் கடைக்குக் கொடுப்பதா ஊழியருக்குக் கொடுப்பதா என்று அவரே சொல்லட்டும்.

இன்னொரு வகையினர் உண்டு: உங்களிடம் ஒரு விலைக்குச் செய்து வாங்கி, தம் வாடிக்கையாளருக்குத் தம் விலையில் விற்பவர்கள். இது அறிமுகமே அல்ல, மொத்த வேலை. இவருக்குக் குறைந்த ரேட் கொடுக்கலாம், கமிஷன் கொடுக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே கேட்பதுண்டு.

4. சதவீதத்தைவிடத் தொகைப் படிநிலை மேல்

சதவீதம் என்றால் எதன்மீது சதவீதம் என்ற வாக்குவாதம் ஒவ்வொரு முறையும் வரும். தையல் கூலி சேர்த்தா, தள்ளுபடிக்கு முன்பா பின்பா, பிளவுஸோடு சேர்த்துச் செய்த சேலைக் குச்சும் உண்டா என்று பேசிப் பேசியே உறவு கசந்துவிடும். நான் பரிந்துரைப்பது இப்படி ஒரு படிநிலை: தையல் நீங்கலாக இறுதி ஒர்க் கூலி 2,000 ரூபாய்க்குள் என்றால் 75 ரூபாய், 2,000 முதல் 4,999 வரை 200 ரூபாய், 5,000 முதல் 9,999 வரை 350 ரூபாய், 10,000 அல்லது அதற்குமேல் என்றால் ஒர்க் கூலியில் 5 சதவீதம். கடைசிப் படியில் மட்டும் சதவீதம் வைத்ததற்குக் காரணம், அந்த அளவில் ஆர்டருக்கு ஆர்டர் வித்தியாசம் பெரிதாக இருப்பதுதான்.

“இறுதி” என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிமுகம் வழியாக வந்தவர் பேரம் பேசி 500 ரூபாய் குறைத்துக்கொண்டால், நம் மாதிரிக் கணக்கில் மீதி 200 ஆகிவிடும். அதன்மேல் 350 ரூபாய் கமிஷனும் கொடுத்தால் நஷ்டம். எனவே தள்ளுபடி கொடுத்த ஆர்டருக்குக் கமிஷன் பாதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுப்புபவரே “என் பேரைச் சொன்னால் குறைச்சுக் கொடுப்பாங்க” என்று வாக்குக் கொடுத்துவிடுவதையும் இது தடுக்கும்.

முகூர்த்த சீசனுக்கு ஒரு ரேட், ஆடிக்கு ஒரு ரேட் என்று மாற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஸ்டாண்டில் இடமே இருக்காது. அப்போது கமிஷனோடு வரும் ஆர்டர் கமிஷன் இல்லாத ஆர்டரை வெளியே தள்ளும் என்பது உண்மை. ஆனாலும் தொகையைக் குறைக்காதீர்கள். “இந்தத் தேதி வரை புக்கிங் முடிந்துவிட்டது” என்று நேராகச் சொல்வதே மரியாதை. ஆடியில் வேலை குறைவாக இருந்தால், ஆவணிக் கல்யாணத்துக்கான ஆர்டரை ஆடிப்பெருக்குக்குள் முன்பணத்தோடு உறுதி செய்து தருபவர்களுக்கு 50 ரூபாய் கூடுதல் என்று காலக்கெடுவோடு அறிவிக்கலாம். மார்கழியில் தைக் கல்யாணங்களுக்கும் அப்படியே செய்யலாம்.

5. இந்த வாடிக்கையாளர் யார் அனுப்பியவர்?

சண்டைகள் பெரும்பாலும் தொகையால் வருவதில்லை, இந்தக் கேள்வியால்தான் வருகின்றன. மணப்பெண்ணிடம் பார்லரிலும் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள், மெஹந்தி போடுபவரும் சொல்லியிருப்பார், மணப்பெண்ணின் சித்தி ஏற்கெனவே உங்களிடம் பிளவுஸ் வாங்கியிருப்பார். மூவரில் யாருக்குக் கொடுப்பது?

எளிய வழி, முதல் மெசேஜ் விதி. அனுப்புபவர், வாடிக்கையாளரின் சம்மதத்தோடு, அவருடைய பெயரையும் கல்யாண மாதத்தையும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு முதலில் அனுப்பிவிட வேண்டும். அந்த மெசேஜுக்குப் பிறகு அந்தப் பெண் உங்களைத் தொடர்பு கொண்டால் மட்டுமே அறிமுகம் செல்லும். இருவர் அனுப்பியிருந்தால் முதலில் வந்தவருக்கு மட்டும். வாடிக்கையாளர் ஏற்கெனவே உங்கள் ஆர்டர் புத்தகத்தில் இருப்பவர் என்றால் யாருக்கும் இல்லை. இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது.

அதோடு, அறிமுகம் எத்தனை நாள் செல்லும் என்பதையும் தீர்மானியுங்கள். 90 நாள் போதுமானது. நம் வேலையில் கல்யாணப் பேச்சு தொடங்கி ஆர்டர் கொடுக்கும் வரை இரண்டு மாதமாவது ஓடிவிடும் என்பதால் 30 நாள் என்பது அனுப்புபவருக்கு அநியாயம். அதே கல்யாணத்துக்காக மணப்பெண்ணின் அம்மாவும் நாத்தனாரும் கொடுக்கும் பிளவுஸ்களுக்கும் கமிஷன் உண்டு என்று வைப்பது தாராளமாகத் தெரியும், உங்களுக்கும் கட்டுப்படியாகும். ஆனால் மறுவருஷம் வளைகாப்புக்கு அதே பெண் நேராக வந்தால் அவர் உங்கள் வாடிக்கையாளர், அதற்கு இல்லை.

ஆர்டர் படிவத்தில் “அறிமுகம்” என்று ஒரு கட்டம் போட்டு, அளவு எடுக்கும்போதே வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்புங்கள். டெலிவரி நாளில் கேட்டால் பாதிப்பேருக்கு நினைவிருக்காது.

6. எப்போது கொடுப்பது

முன்பணம் வந்தவுடன் கமிஷனைக் கொடுத்துவிடாதீர்கள். கல்யாணம் தள்ளிப்போகும், மார்க்கிங்கில் கோளாறு என்று துணி திரும்பி வரும், பாக்கிப் பணம் இழுபடும். பிளவுஸைப் போட்டுப் பார்த்து, சரியென்று சொல்லி, பாக்கி முழுவதும் கைக்கு வந்த பிறகே கமிஷன் கணக்கில் ஏற வேண்டும். அப்படி ஒரு மாதத்தில் ஏறியதையெல்லாம் அடுத்த மாதம் 5-ஆம் தேதி மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். தேதி தவறாமல் கொடுப்பவருக்குத்தான் அடுத்த ஆர்டர் வரும். 50 ரூபாய் கூடக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு மூன்று மாதம் இழுப்பவரைவிட, குறைவாகக் கொடுத்தாலும் 5-ஆம் தேதி காலையில் யுபிஐ-யில் அனுப்பிவிடுபவரையே பார்லர்காரர்கள் விரும்புகிறார்கள்.

கொடுத்த பிறகு ஏதேனும் காரணத்தால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால், அந்த ஆர்டரின் கமிஷன் அடுத்த மாதக் கணக்கில் கழியும் என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. “பணத்தை நானே வாங்கிக்கிறேன், என் பங்கை எடுத்துக்கிட்டு மீதியை அனுப்புறேன்” என்று அனுப்புபவர் சொல்வார். வேலை மிச்சம் என்று தோன்றும், ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. பாக்கி நின்றால் யாரைக் கேட்பது என்று குழப்பம் வரும். ஒரு பார்லர் அப்படி வாங்கி வைத்துக்கொண்டு இன்று நாளை என்று என்னை அலைய விட்டதில்தான் இந்த விதி எனக்கு இறுகியது. பில் உங்கள் பெயரில், பணம் உங்கள் கணக்கில், பிறகு கமிஷன் தனியாக.

7. எழுத்தில் போடுங்கள்

இந்த அளவுத் தொகைக்கு வக்கீலிடம் போக வேண்டியதில்லை. ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கி, அதன் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்தால் நடைமுறைக்குப் போதும். மாதிரி ஒன்றைத் தருகிறேன்.

“வணக்கம் அக்கா. நாம் பேசியதை எழுதி அனுப்புகிறேன். நீங்கள் அனுப்பும் ஆர்டருக்கு, தையல் நீங்கலாக ஒர்க் கூலி 2,000-க்குள் என்றால் 75, 5,000-க்குள் 200, 10,000-க்குள் 350, அதற்குமேல் 5 சதவீதம். தள்ளுபடி கொடுத்த ஆர்டருக்கு இதில் பாதி. வாடிக்கையாளர் பெயரும் கல்யாண மாதமும் எனக்கு முதலில் மெசேஜாக வர வேண்டும். வந்த நாளிலிருந்து 90 நாள் செல்லும். முழுப் பணம் வந்த ஆர்டர்களின் கணக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதி அனுப்பிவிடுவேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அந்த ஆர்டர் கழியும். வாடிக்கையாளருக்கு விலையை நான்தான் சொல்வேன். தொகையை மாற்றுவதென்றால் 15 நாள் முன்பே சொல்வேன், நீங்களும் அப்படியே. சரி என்றால் பதில் அனுப்புங்க அக்கா.”

சொந்தக்காரர்களுக்கும் இதே மெசேஜ்தான். “நமக்குள்ளே என்ன கணக்கு” என்று சிரிப்பவர்கள்தான் பிறகு அதிகமாகக் கணக்குப் பார்ப்பவர்கள்.

8. ஆவணங்களும் வரியும்

தேவையானவை குறைவே: வரிசை எண்ணுள்ள பில் புத்தகம், ஆர்டர் படிவம், ஒரு கமிஷன் நோட்டு, வவுச்சர் புத்தகம். அச்சடிக்கச் சில நூறு ரூபாய் ஆகும். கமிஷன் நோட்டில் தேதி, அனுப்பியவர், ஆர்டர் எண், இறுதி ஒர்க் கூலி, முழுப் பணம் வந்த தேதி, கமிஷன் தொகை, கொடுத்த தேதி என்று ஏழு பத்திகள் இருந்தால் போதும். யுபிஐ-யில் அனுப்பும்போது குறிப்பில் ஆர்டர் எண்ணை எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவர்கள் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும். மத்திய அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், கவனம்.

வருமான வரியில் கமிஷனுக்கு டிடிஎஸ் (கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்கும் விதி உண்டு. பழைய சட்டத்தில் 194எச் என்று அறியப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் செல்லும் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு. ஒருவருக்கு ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்தால் 2 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தனிநபராகத் தொழில் செய்பவர் என்றால், முந்தைய ஆண்டின் விற்றுமுதல் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால்தான் இந்தப் பொறுப்பு வரும். வீட்டில் ஸ்டாண்டு போட்டிருக்கும் நம்மில் யாருக்கும் அநேகமாக இது பொருந்தாது. யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

பழைய சட்டத்தின் 44ஏடி போன்ற உத்தேச வரி முறையில் ரிட்டர்ன் போடுபவர்கள் விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, குறைந்தபட்ச லாபமாகக் காட்டுகிறோம். அந்த லாபத்திலிருந்து கமிஷனை மறுபடி தனியாகக் கழிக்க முடியாது. அது ஏற்கெனவே கழிந்ததாகவே கொள்ளப்படும். முறையான கணக்கு வைத்து ரிட்டர்ன் போடுபவர்கள் கழிக்கலாம், ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. அனுப்புபவருக்கும் ஒரு செய்தி சொல்லலாம்: கமிஷன் வருமானத்துக்கு உத்தேச வரி முறை கிடையாது, அவர் அதை வழக்கமான முறையில்தான் காட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி-யைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் கொடுத்த துணியில் ஒர்க் செய்து கொடுப்பது சேவை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு வேண்டும். அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது வாடிக்கையாளரிடம் வாங்கிய முழுத் தொகையும் சேரும். கமிஷனைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்ட முடியாது. ஆறாவது பகுதியில் சொன்ன “மீதியை அனுப்புறேன்” ஏற்பாடு ஆபத்தானது என்பதற்கு இதுவும் காரணம்.

9. தாண்டக் கூடாத கோடுகள்

“நீங்க இன்னொரு பார்லரைச் சேர்த்துவிட்டால், அவங்க அனுப்பும் ஆர்டரிலும் உங்களுக்குப் பங்கு” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆள் சேர்ப்பதற்குப் பணம் தருவதும், சேர்த்தவருக்குக் கீழே சங்கிலி வளர்ப்பதும் 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன. உண்மையான வேலைக்கு, உண்மையில் வந்த பணத்திலிருந்து, நேரடியாக அனுப்பியவருக்கு மட்டும் கொடுங்கள். சேருவதற்கு முன்பணம், டெபாசிட், “ஸ்டார்டர் கிட்” எதுவும் யாரிடமும் வாங்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வோர் உள்ள ஒருவர் உங்கள் பிளவுஸை உடுத்திக் காட்டி ஆள் அனுப்பினால், பணமோ இலவச பிளவுஸோ வாங்கியிருப்பதை அந்தப் பதிவிலேயே பளிச்சென்று தெரியும்படி அவர் குறிப்பிட வேண்டும். தவறான விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இந்தத் தொடர்பை மறைக்கக் கூடாது. ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைத்து வைப்பதும் மறைப்பதுதான்.

வாடிக்கையாளரே நேராக, “பார்லர் அக்காவுக்கு நீங்க ஏதாவது கொடுப்பீங்களா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். “அறிமுகத்துக்கு ஒரு சிறிய தொகை கொடுப்போம், அதற்காக உங்களுக்கு மட்டும் விலையைக் கூட்டவில்லை, நேராக வந்தாலும் இதே ரேட்தான்” என்று ரேட் கார்டைக் காட்டிச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே விலை வைத்திருந்தால்தான் இதைத் தலை நிமிர்ந்து சொல்ல முடியும்.

10. மாற்றுவதும் நிறுத்துவதும்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்குங்கள். ஏறிய கமிஷனைக் குறைப்பது கடினம், குறைவாகத் தொடங்கி ஏற்றுவது சுலபம். அதன் பிறகு ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் மார்கழியிலும் கை ஓய்ந்திருக்கும்போது, கமிஷன் நோட்டை எடுத்து ஒவ்வொருவர் வழியாக வந்த ஆர்டரையும் பாருங்கள். எண்ணிக்கை மட்டும் பார்க்காதீர்கள். யார் அனுப்பியவர்கள் பேரம் பேசாமல் வாங்கினார்கள், யார் அனுப்பியவர்கள் ஐந்து முறை டிசைன் மாற்றினார்கள் என்பதும் தெரியும். நல்ல ஆர்டர் அனுப்புபவருக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு படியிலும் 25 அல்லது 50 ரூபாய் ஏற்றிக் கொடுப்பது, பொங்கலுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒருவரோடு ஒத்துவரவில்லை என்றால் பதில் சொல்லாமல் ஒதுங்கிப் போகாதீர்கள். எழுதிக் கொடுத்தபடி 15 நாள் முன்பாக மெசேஜ் அனுப்பி, அந்தத் தேதிக்கு முன் அவர் தெரிவித்த பெயர்களுக்கு 90 நாள் வரை கமிஷன் உண்டு என்பதை உறுதி செய்து, ஸ்டாண்டில் இருக்கும் அவருடைய ஆர்டர்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அவற்றின் கணக்கும் வழக்கம்போல் அந்தந்த மாதத்து 5-ஆம் தேதி போய்ச் சேர வேண்டும்.